இசை நிகழ்த்தலும் ஒலித் தயாரிப்பும்: சிவகாசி வட்டாரத்தில் கல்வியும் தொழிலும்

இசையைத் தொழிலாகக் கொள்ள விரும்புபவர் கற்க வேண்டியவை இரு துறைகளாக உள்ளன. ஒன்று நிகழ்த்தல். பாடுவது, கருவி வாசிப்பது, மேடையில் குழுவோடு இணைந்து நிற்பது ஆகியவை இதில் அடங்கும். மற்றொன்று தயாரிப்பு. ஒலியைப் பதிவு செய்வது, தொகுப்பது, கருவிகளை ஒழுங்கமைப்பது, கலவை செய்வது, வெளியீட்டுக்கு ஏற்ற வடிவில் முடித்துத் தருவது ஆகியவை இதில் வரும். முன்பு இவை வெவ்வேறு ஆட்களின் வேலையாக இருந்தன. பாடகர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் ஒலிப்பதிவாளர் இந்தப் பக்கமும் இருந்தனர். கணினியில் பதிவு செய்யும் முறை பரவிய பிறகு அந்தக் கண்ணாடி பெரும்பாலும் இல்லாமல் போனது. இன்று ஒரு சிறு ஊரில் இருந்துகொண்டு பாட்டெழுதி, வாசித்து, பதிந்து, வெளியிடுபவர் ஒரே ஆளாக இருக்கலாம்.

சிவகாசி இசைக்குப் பெயர் பெற்ற ஊர் அன்று. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்று தொழில்களால் அறியப்பட்ட ஊர். ஆனால் வெளியூர் சென்று தொழில் கற்று, அதைச் சொந்த ஊருக்குக் கொண்டு வருவது இவ்வூருக்குப் புதிதன்று. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பியதில்தான் இவ்வூரின் தொழில் வரலாறு தொடங்குகிறது. பட்டாசுத் தொழில் இப்போது நெருக்கடியில் இருக்கிறது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுகளுக்கு மட்டும் இசைவு தந்து, சரவெடிகளைத் தடை செய்தது. வெடிக்கும் நேரத்தையும் தீபாவளியன்று இரண்டு மணி நேரமாகச் சுருக்கியது. ஆலை விபத்துகளும் தொடர்கின்றன. இந்நிலையில் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இசை படிக்க விரும்பினால், அது வீட்டின் வருமானத்தை வைத்து எடுக்க வேண்டிய முடிவாகவே இருக்கும். ஆகவே கட்டணம் எவ்வளவு, எத்தனை ஆண்டு, படித்து முடித்தபின் என்ன வேலை என்பவை இத்துறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்.

வட்டாரத்தின் இசைச் சூழல்

விருதுநகர் மாவட்டத்தில் இசைக்கு வேலை தருபவை முதன்மையாகக் கோயில் கொடைகளும் திருவிழாக்களுமே. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கல், சிவகாசி பத்திரகாளியம்மன் கோயிலின் சித்திரைப் பொங்கல், திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டம், இருக்கன்குடி மாரியம்மன் கோயிலின் ஆடிக் கடைசி வெள்ளி என நாட்காட்டி நீள்கிறது. இவற்றையொட்டி நையாண்டி மேளம், கரகாட்டம், வில்லுப்பாட்டு, மெல்லிசைக் கச்சேரி ஆகியவற்றுக்கு அச்சாரம் கொடுக்கப்படுகிறது. நையாண்டி மேளத்தில் நாதசுரமும் தவிலும் இணையிணையாக நிற்க, பம்பை, தமுக்கு, தாளம் ஆகியவை சேரும். சில குழுக்களில் உறுமியும் உண்டு. திருவில்லிபுத்தூரில் ஆழ்வார் பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் வழங்கும் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டில் இது தொடரும் இடங்கள் மிகச் சிலவே.

அருகிலுள்ள கோவில்பட்டியும் இவ்வட்டாரத்தின் இசை வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் மாணவரான காருகுறிச்சி அருணாசலம் அங்கு வாழ்ந்தார். 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாதசுரம் இணைந்து ஒலித்த பாடலால் இக்கருவி கோயில் வாசலுக்கு வெளியே பெருங்கூட்டத்தைச் சென்றடைந்தது. நிகழ்த்தலும் ஒலிப்பதிவும் ஒன்றையொன்று எவ்வளவு சார்ந்தவை என்பதற்கு இந்த ஒரு பாடலே போதிய சான்று. அருணாசலம் 1964இல் மறைந்தார். பதிவு இல்லாவிட்டால் அந்த வாசிப்பு, கேட்டவர்களின் நினைவோடு முடிந்திருக்கும்.

விழாக்கால வருமானத்தில் ஒரு சிக்கல் உண்டு. பங்குனி முதல் ஆடி வரை இரவு முழுக்க வேலை இருக்கும், பிற மாதங்களில் கை காய்ந்துவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. விடிய விடிய நடந்த கலைகள் இதனால் சில மணி நேரத்துக்குள் சுருங்கின. மேடையை மட்டும் நம்பியிருந்த கலைஞர்கள் ஒலிப்பதிவையும் கற்றாக வேண்டிய தேவைக்கு இதுவும் ஒரு காரணம்.

அரசு இசைப்பள்ளியும் கல்லூரியும்

குறைந்த செலவில் முறையாக இசை படிக்க முதல் இடம் மாவட்ட அரசு இசைப்பள்ளி. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் இப்பள்ளிகளில் ஒன்று விருதுநகர் மாவட்டத்துக்கும் உண்டு. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. படிப்பு மூன்று ஆண்டுகள், முடிவில் அரசுத் தேர்வும் சான்றிதழும். 12 வயது முதல் 25 வயது வரையுள்ளோர் சேரலாம். பெரும்பாலான பிரிவுகளுக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்படுகிறது. நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஊக்கத்தொகையும் பேருந்துச் சலுகையும் தரப்படுகின்றன. இதைவிட இளையவர்களுக்கு, ஜவகர் சிறுவர் மன்றங்களில் வார இறுதி வகுப்புகள் நடக்கின்றன.

இச்சான்றிதழின் பயன் பலருக்குத் தெரிவதில்லை. இந்து சமய அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயில்களில் ஓதுவார், நாதசுரம், தவில், தாளம் ஆகிய பணியிடங்கள் உள்ளன. அவற்றுக்கான அறிவிப்புகளில் இசைப்பள்ளிச் சான்றிதழ் ஒரு தகுதியாகக் குறிக்கப்படும். மாதச் சம்பளம் உள்ள இசை வேலைகள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அவற்றுள் இது ஒன்று. ஆனால் கிட்டாரும் கீபோர்டும் கவரும் வயதில் தேவாரப் பிரிவில் சேருவோர் குறைவு.

அடுத்த படியாக, சிவகாசியிலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. தொலைவில் மதுரையில் அரசு இசைக் கல்லூரி உள்ளது. சென்னை, கோவை, திருவையாறு ஆகிய இடங்களிலும் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னையில் உள்ளது 1949இல் தொடங்கப்பட்டது, அதன் முதல் முதல்வர் முசிறி சுப்பிரமணிய ஐயர். இக்கல்லூரிகள் இப்போது தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ஆய்வுப் படிப்பு வரை செல்ல விரும்புவோருக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் நெடுங்கால இசைத் துறைகள் உள்ளன.

வானொலித் தேர்வும் கவனிக்கத் தக்கது. அகில இந்திய வானொலி குரல் தேர்வு நடத்திக் கலைஞர்களை பி, பி-ஹை, ஏ, டாப் எனத் தரம் பிரிக்கிறது. சிவகாசிக்கு வடக்கே மதுரை நிலையமும் தெற்கே திருநெல்வேலி நிலையமும் எட்டும் தொலைவில் உள்ளன. வானொலித் தரம் சபாக்களிலும் கோயில் விழாக்களிலும் ஓர் அடையாளச் சீட்டுப் போல மதிக்கப்படுகிறது.

மேற்கத்திய இசைக் குறியீடு

திரையிசையிலோ பதிவுக்கூடத்திலோ வாசிக்க நினைப்பவருக்கு மேற்கத்தியக் குறியீட்டைப் படிக்கத் தெரிவது பெரும் துணை. லண்டன் டிரினிட்டி கல்லூரியும் ஏ.பி.ஆர்.எஸ்.எம். அமைப்பும் நடத்தும் தேர்வுகள் முதல் நிலையிலிருந்து எட்டாம் நிலை வரை செல்கின்றன. ஆசிரியர் எந்த ஊரில் இருந்தாலும் தேர்வு எழுதலாம் என்பதால் சிறு ஊர் மாணவருக்கு இவை ஏற்றவை.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராக வாசித்தவர். 1960களின் இறுதியில் சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார், டிரினிட்டியின் கிட்டார் தேர்வும் எழுதினார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது அவரிடம் கிராமத்துப் பாட்டும் இருந்தது, அதை வாத்தியக் குழுவுக்கு எழுதித் தரும் திறனும் இருந்தது. ஏ.ஆர். ரகுமானும் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பதிவுக்கூடங்களில் கீபோர்டு வாசித்துக் குடும்பத்துக்கு உதவியவர். 1992இல் 'ரோஜா' வருமுன் தம் வீட்டருகே சொந்தப் பதிவுக்கூடம் அமைத்திருந்தார். நிகழ்த்துபவரே தயாரிப்பாளராகவும் ஆகும் வழியைத் தமிழ்நாட்டில் பரவலாக்கியவர் அவரே எனலாம்.

ஒலித் தயாரிப்புக் கல்வி

அரசு நிறுவனங்களில் சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் முதன்மையானது. அங்கு ஒலிப்பதிவுக்குத் தனிப் பாடப்பிரிவு உண்டு, கட்டணமும் தனியாரோடு ஒப்பிடக் குறைவு. இந்திய அளவில் புனே திரைப்பட நிறுவனமும் கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனமும் ஒலிப்பதிவைக் கற்பிக்கின்றன. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக 2009இல் ஆஸ்கர் பெற்ற ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர், கேரளத்தின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். தனியார் நிறுவனங்களுள் 2008இல் ரகுமான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி நிகழ்த்தல், இசைத் தொழில்நுட்பம் இரண்டையும் கற்பிக்கிறது.

தனியார் படிப்பில் சேருமுன் கேட்க வேண்டிய கேள்வி, கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்பதன்று. ஒரு மாணவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பதிவுக்கூடத்தில் தனியாக உட்காரலாம் என்பதைக் கேட்க வேண்டும். பிறகு, தரப்படும் சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதையும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் தெளிவான விடை வராத இடத்தில் கடன் வாங்கிச் சேருவது அறிவுடைமையாகாது. சிவகாசி வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளும் கலைக் கல்லூரிகளும் நன்கு வளர்ந்துள்ளன. மின்னணுவியலோ இயற்பியலோ படித்துக்கொண்டே ஒலித் துறைக்கு வருவது நடைமுறைக்கு உகந்த மாற்று வழி. அப்படிப் படித்தவருக்கு இசை கைகொடுக்காவிட்டாலும் பட்டம் கைகொடுக்கும்.

வீட்டில் பதிவுக்கூடம்

தொடக்கத்துக்குத் தேவையானவை சில: ஓரளவு திறனுள்ள கணினி, ஒலி இடைமுகக் கருவி, ஒரு மைக், மூடிய வகை ஹெட்போன், பதிவு மென்பொருள். கியூபேஸ், லாஜிக், ஆபில்டன், எஃப்.எல். ஸ்டுடியோ, ரீப்பர் என மென்பொருள்கள் பல. எதில் கற்றாலும் அடிப்படை ஒன்றே. ஆனால் திரைப்படக் கூடங்களில் புரோ டூல்ஸ் பரவலாக இருப்பதால் அதன் பழக்கம் வேலை தேடும்போது உதவும்.

ஒலியைக் கணினி எண்களாகப் பதிகிறது. நொடிக்கு 44,100 முறை மாதிரி எடுப்பது குறுந்தகட்டு அளவு, 48,000 முறை என்பது திரைப்பட அளவு. 48,000 மாதிரி, 24 பிட் அளவில் ஒரு ஒற்றைத் தடம் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் எடுக்கும். பத்துத் தடங்கள் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டுக்கு 432 மெகாபைட். ஆகவே வன்தட்டு இடமும் மறுபடியும் இன்னொரு தட்டில் நகல் வைப்பதும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். இன்னொரு எண்ணும் முக்கியம். மென்பொருள் 256 மாதிரிகளைச் சேர்த்து வைத்து அனுப்பினால் 48,000 அளவில் ஏறக்குறைய 5.3 மில்லிநொடி தாமதம் ஏற்படும். காற்றில் ஒலி அந்நேரத்தில் சுமார் 1.8 மீட்டர் செல்லும். அதாவது ஆறடி தள்ளி நிற்கும் தவில்காரரைக் கேட்பது போன்ற தாமதம், இது வாசிப்பைக் கெடுக்காது. இதைப் பல மடங்கு கூட்டினால் பாடுபவர் தாளத்திலிருந்து வழுக்கத் தொடங்குவார்.

அறையைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்று எங்கும் உண்டு, முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் சத்தம் உள்ளே வராது என்பது. அட்டைத் தட்டு உயர்சுருதி எதிரொலியைச் சற்றே குறைக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்க எடையுள்ள சுவரும் இடைவெளியற்ற கதவும் வேண்டும். உள்ளே எதிரொலியைக் குறைக்கத் தடித்த கம்பளம், பஞ்சு மெத்தை, துணி நிறைந்த பீரோ ஆகியவையே முட்டை அட்டையைவிட நன்றாக வேலை செய்யும். சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுவது இவ்வூர்க்காரருக்குக் கடினமான காரியம். அதிகாலையில் பதிவு வைத்துக்கொண்டால் வெப்பமும் வண்டிச் சத்தமும் ஒருங்கே குறையும்.

நாதசுரத்தைப் பதிவு செய்வது தனிக் கலை. அதன் ஒலி உரத்தது, அணைசுக்கு நேரே மைக் வைத்தால் கரகரக்கும். சற்றுத் தள்ளி, பக்கவாட்டில், அறையின் ஒலியும் கலக்கும் தொலைவில் வைப்பது நல்லது. சுருதியும் பார்க்க வேண்டும். ஒரு கட்டை என்பது கீபோர்டின் சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. ஆனால் கையால் கடைந்து செய்யப்பட்ட நாதசுரம் கீபோர்டின் சுரத்தில் சரியாக உட்காராது. கருவியை முதலில் பதிந்து, மற்றவற்றின் சுருதியை அதற்கேற்ப மாற்றுவது எளிது. கணினியைக் கொண்டு நாதசுரத்தைத் 'திருத்த' முயன்றால் கமகம் செத்துவிடும். நாட்டுப்புறக் குரலுக்கும் இது பொருந்தும்.

டெசிபலும் செவியும்

பட்டாசு வட்டாரத்தில் வளர்ந்தவருக்கு டெசிபல் என்ற சொல் புதிதன்று. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிகளுக்கு இந்தியாவில் தடை உள்ளது. சரவெடிக்கு இந்த வரம்பு வெடிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறையும், நூறு வெடிகள் கோத்த சரத்தில் ஒவ்வொரு வெடிக்கும் 10 டெசிபல் கழித்து 115 என்பது கணக்கு. கலவைப் பலகையிலும் இதே மடக்கைக் கணக்கே நடக்கிறது. 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும், காதுக்கோ ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும். ஒரு தவிலோடு அதே அளவு ஒலிக்கும் இன்னொரு தவில் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். பாடகர் குரல் கேட்கவில்லை என்று ஒவ்வொரு கருவியையும் மாறிமாறி ஏற்றிக்கொண்டே போவது வீண் வேலை என்பது இதனால் விளங்கும். எதைக் குறைப்பது என்று கேட்பவரே நல்ல ஒலிப்பதிவாளர்.

செவியைக் காப்பது தொழிலைக் காப்பது. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு 8 மணி நேரம் கேட்பது பாதுகாப்பு எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்கு 15 நிமிடமே. மேளக் குழுவின் நடுவே நிற்பவரும் மேடை ஸ்பீக்கர் அருகே கீபோர்டு வாசிப்பவரும் இந்த எல்லையை ஒரே இரவில் தாண்டுவர். உட்செவியின் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளராது. கச்சேரி முடிந்த பின் காதில் ரீங்காரம் நிற்காவிட்டால் அது எச்சரிக்கை. மெடிக்கல் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் சில ரூபாய்தான்.

உரிமையும் வருமானமும்

பாட்டு வெளியான பின் அதிலிருந்து பணம் வரும் வழிகளைத் தெரிந்திருப்பதும் கல்வியின் பகுதியே. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம், திரைப்படத்தில் இடம்பெறும் பாட்டின் இசையமைப்பாளரும் கவிஞரும் திரையரங்குக்கு வெளியே அப்பாட்டு பயன்படும்போது உரிமைத்தொகையில் சமபங்கு பெற வழி செய்தது. இந்த உரிமையை வாரிசுகளுக்கோ உரிமைத்தொகை சேகரிக்கும் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் இத்தொகையைத் திரட்டி உறுப்பினர்களுக்குப் பகிர்கிறது. உறுப்பினராகாதவருக்குப் பணம் தேடி வராது. பாட்டைப் பதிந்த ஒலிக்கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் 12 எழுத்து அடையாளக் குறி தரப்படும். அது இல்லாமல் இணையத் தளங்களில் கேட்கப்படும் கணக்கு உரியவரைச் சேராது.

நாட்டுப்புறப் பாட்டில் சிக்கல் கூடுதல். யார் கட்டியது என்று தெரியாத பழம்பாட்டுக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் அதை ஒரு மூதாட்டி பாடிய பதிவுக்கு, பாடியவர் என்ற முறையில் அவருக்கு உரிமை உண்டு. பதிவு செய்யும் மாணவர் அவரிடம் தமிழில் எழுதிய ஒரு பக்க ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும், தொகையையும் அதில் குறிக்க வேண்டும். இதைச் செய்யாமல் பாட்டு பரவலானால், பாடியவர் வீட்டில் மனக்கசப்பே மிஞ்சும். நலிந்த கலைஞர்களுக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் உண்டு, அதில் பதிவு செய்து வைப்பது குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் பயன்.

ஊரிலேயே கிடைக்கும் வேலைகளும் உள்ளன. கோயில் விழா மேடைகளுக்கு ஒலி அமைக்கும் சவுண்ட் சர்வீஸ் கடைகளில் உதவியாளராகச் சேர்வது பயிற்சியும் கூலியும் ஒருங்கே தரும். பன்னிரண்டு வாசல் மிக்சரில் காற்றடிக்கும் மைதானத்தில் நாதசுரத்தையும் பாடகரையும் சமன்செய்யக் கற்றவர், குளிரூட்டிய கூடத்தில் தடுமாறுவதில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் கடைகளுக்கான விளம்பரக் குரல், தேர்தல் காலத்தில் வண்டிப் பிரசாரப் பாட்டு, திருமணக் காணொளிகளுக்கான பின்னணி இசை, பள்ளி ஆண்டு விழாப் பாடல் ஆகியவை சிறு தொகை தரும் வேலைகள். இவற்றில் சேர்ந்த பணத்தில் முதல் நல்ல மைக்கை வாங்கியவர்கள் இத்துறையில் பலர்.